எலும்புத் துண்டின் சாய்வு

ஜூன் 3

தங்கைக்கு,

இத்தனை காலம் நான் பேசாமல் இருந்தது போதும். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பதில் சொல்லியாக வேண்டிய ஒரு பொருள் என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்து உன் கணவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பல் மருத்துவர்களுக்கு நேரம் பார்ப்பது கைவந்த கலை. நம் வாய் திறந்து கிடக்கும்போது கேள்வி கேட்பார்கள், நாம் இல்லாதபோது வீட்டுக்கு வருவார்கள். "மச்சான் மரவேலையெல்லாம் பண்றாராமே, இதைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்று உன் அண்ணியிடம் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். நான் மரவேலை செய்வது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டேன். நீயும் அவளும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "உங்க தங்கச்சி வீட்டுலேருந்து ஆள் வந்திருக்கு."

"யாரு?"

"திறந்து பாருங்க."

உறையைத் திறந்தேன். என் கிட்டார்.

'என்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 'நொட்டாங்கை' என்று என்னைக் கூப்பிட்ட வீட்டில், என் இடது கைக்கென்று அப்பா எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பொருள் அது ஒன்றுதான். வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனேன். முதல் விடுமுறைக்குச் சொல்லாமல் வந்து வாசலில் நின்றபோது, தந்திகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டி நீ வாசித்துக்கொண்டிருந்தாய். அப்பா தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் அது என் அறைச் சுவரில், என் கட்டிலுக்கு எதிரேயே தொங்கும். உன் சாமானை மாட்ட வேறு சுவரா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

அப்பா போன பிறகு, உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருந்த கூடத்தில், ஒரே ஒரு தடவை கேட்டேன். "இது என் கை பழகின சாமான், அண்ணா. தர மாட்டேன்" என்றாய். அன்றைக்கு மூடிய வாய்தான். இப்போது அது தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

நிலைமை இதுதான். கழுத்து முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. விரல் பலகை மேல் எஃகு அடிக்கோலை வைத்து நீட்டினால், அதன் முனை, உடல் மேல் தந்திகளின் அடி முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் தலையைத் தொட வேண்டும். இதில் இடுப்பில் போய் முட்டுகிறது. தந்திக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது. பிரிட்ஜில் தந்திகள் ஏறி உட்காரும் எலும்புத் துண்டை யாரோ தேய்த்துத் தேய்த்து, இனித் தேய்க்க ஒன்றும் இல்லை. கழுத்தைக் கழற்றி, அடியைச் செதுக்கி, கோணத்தை மாற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். நாள் முழுக்கப் பாலங்களின் வரைபடத்தில் கோணம் சரிபார்ப்பவன் நான். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் என் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் இன்னும் அதைத்தான் செய்கிறேன். ஆகவே இது எனக்குத் தெரியும். செய்வேனா என்பது வேறு விஷயம்.

கழுத்தின் ஓரத்தில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளிகள் வைத்திருக்கிறாய். அசிங்கமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
கிட்டாரின் உரிமையாளர்


ஜூன் 11

அண்ணா,

உரிமையாளருக்கு வணக்கம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கெங்கே திட்டியிருக்கிறாய் என்று பார்க்க ஒரு தடவை. பிறகு அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட ஒரு தடவை. பல் மருத்துவர்களைப் பற்றி நீ எழுதியிருந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது நாற்காலியில் வந்து உட்காருகிற எல்லோரிடமும் அதைத் தன்னுடைய ஜோக் மாதிரி சொல்கிறார்.

முன்னாலேயே எழுதிக் கேட்டிருக்கலாம்தான். எழுதியிருந்தால் "முடியாது" என்று பதில் வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். கிட்டாரே வந்து நின்றால் உன்னால் அளக்காமல் இருக்க முடியாது என்று தெரியும். அளந்துவிட்டாய், பார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் இடது கை விரல் மூட்டுகள் கெட்டுப்போய்விட்டன. காலையில் எழுந்தால் கையை மடக்க முடியவில்லை. டாக்டர் (வீட்டில் இருப்பவர் இல்லை, நிஜ டாக்டர்) இது சரியாகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அவ்வளவு உயரத்தில் நிற்கிற தந்தியை என்னால் இனி அமுக்க முடியாது. போன பருவத்திலேயே என் பாதி இசை வகுப்புகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லியே ஓட்டினேன். தலைமையாசிரியை கண்டுபிடித்துவிட்டாள். "டீச்சர், லீவு முடிஞ்சு வரும்போதும் கை இப்படியே இருந்தா லைப்ரரிக்கு மாத்திடறேன். அங்க சத்தமே வேண்டாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

வேறு கிட்டார் எடுத்துக்கொள் என்பாய். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒன்று வந்தது. அமுக்குவதற்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் அதில் நான் வாசித்தால் சுருதி சேரவில்லை. மேலே போகும்போது என் விரல் தானாகவே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. உன் கிட்டாரில் அப்படி இழுத்தால்தான் சுரம் சரியாக விழும், இழுத்து இழுத்தே கை பழகிவிட்டது. ஏன் அப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதியதில் இழுத்தபோது பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனவே எனக்கு அது வேண்டும். கட்டட வேலை நடப்பதால் இந்த வருஷம் ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் பள்ளிக்கூடம் திறக்கிறது.

நகப்பூச்சுப் புள்ளிகள் அசிங்கம்தான். கம்பெனிக்காரன் வைத்த வெள்ளைப் புள்ளிகள் உன் பக்கத்து ஓரத்தில் இருக்கின்றன. எனக்கு அவை தெரியாதே. நான் வேறு என்ன செய்வேன்?

இப்படிக்கு,
வாசிக்கிறவள்


ஜூன் 24

தங்கைக்கு,

கழற்றிவிட்டேன். உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. சாய்ந்த ஒன்றைச் சாய்ந்தபடி வீட்டில் வைத்திருக்க என்னால் முடியாது.

கழுத்தின் அடியில், விசிறி மாதிரி விரியும் ஒரு நாக்கு இருக்கிறது. அது உடலில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி, வஜ்ஜிரப் பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, விரல் பலகையின் வால் பகுதியை மெல்லிய கத்தியால் நெகிழ்த்தினேன். பிறகு கழுத்து உடலோடு சேரும் இடத்தைத் தாண்டி விரல் பலகையில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் முதலாவதைப் பிடுங்கி, அது இருந்த பள்ளத்தில் சிறு துளை போட்டேன். நாக்குக்குப் பின்னால் உள்ள இடைவெளிக்கு அந்தத் துளை போய்ச் சேரும். அதன் வழியாக நீராவியை உள்ளே விட வேண்டும். குக்கர் மூடியில் வெயிட்டை எடுத்துவிட்டு ரப்பர் குழாயை மாட்டினேன். மறுமுனையில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா?"

"தெரியுது. தங்கச்சியை ஒண்ணும் பண்ண முடியல, அவ கிட்டாரை வேக வைக்கிறீங்க."

"அவ கிட்டார் இல்ல."

"சரி, உங்க கிட்டார். என் குக்கர். எப்பக் கிடைக்கும்?"

மத்தியானச் சாப்பாடு அன்றைக்குத் தாமதம்தான். ஆனால் கழுத்து அசைந்தது. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது, பழைய பசையின் நாற்றம் வந்தது, பிறகு மேல்நோக்கித் தள்ளத் தள்ள நாக்கு முழுசாக வெளியே வந்துவிட்டது. இப்போது உடல் மேசை மேலும் கழுத்து அலமாரி மேலும் இருக்கின்றன.

நீ தெரியாது என்று எழுதியிருந்ததற்குப் பதில் தெரிந்துவிட்டது. பிரிட்ஜில் எலும்புத் துண்டு உட்காரும் பள்ளத்தை நேராக வெட்டமாட்டார்கள், சாய்த்து வெட்டுவார்கள். தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமும் மெல்லிய தந்திக்குக் கொஞ்சம் குறைந்த நீளமும் வேண்டும். அப்போதுதான் மேலே போனாலும் சுருதி நிற்கும். இந்தப் பள்ளம் இடதுகைக்காரனுக்காகச் சாய்ந்தது. தந்திகளை மாற்றிப் போட்ட நீ சாய்வை மாற்றவில்லை. ஆகவே உன் மெல்லிய தந்திகள் மேலே போகப் போகச் சுருதி குறைந்தன, நீ இழுத்துச் சரிக்கட்டினாய். உன் வாசிப்பை ஒரு முறை ஒரு மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உச்சத்தில் ஒவ்வொரு சுரமும் தவறான இடத்தில் பிறந்து, பிறகு நகர்ந்து சரியான இடத்துக்கு வந்தது. மற்றவர்கள் அதை உருக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இன்னொன்று. தலைப்பக்கத்தில், தந்திகள் கழுத்துக்குள் இறங்கும் இடத்தில் உள்ள சிறு எலும்புத் துண்டையும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு ஓரத்துப் பள்ளம் அகலமாகவும் மறு ஓரத்துப் பள்ளம் மெலிதாகவும் இருக்க வேண்டும். இதில் இரண்டு ஓரமும் அகலம். மெல்லிய தந்தி ஆடாமல் இருக்க அதன் அடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகியிருக்கிறது. இந்த அரைகுறை வேலை யாருடையது? உன்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு பொருளை எடுத்துக்கொள்வதென்றால் ஒழுங்காகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனித்தனியாகக் கிடக்கும்போது பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பிரிட்ஜின் சாய்வு என்னுடையது. வெள்ளைப் புள்ளிகள் என்னுடையவை. கழுத்தை ஒட்டிவிட்டு, தந்திகளை அவை முதலில் இருந்தபடி கட்டினால் போதும், எல்லாம் பொருந்திவிடும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்


ஜூலை 2

அண்ணா,

அந்த அரைகுறை வேலை அப்பாவுடையது.

இதை எழுத வேண்டி வராது என்று நினைத்திருந்தேன். சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நீ அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டாய், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீ வேலைக்குப் போய்ச் சில மாதம் கிட்டார் சும்மா கிடந்தது. ஒரு நாள் அப்பா அதைத் துடைத்துக்கொண்டே "நீ எடுத்து வாசியேன்" என்றார்.

"அது அண்ணனோடதுப்பா."

"அவன் எழுதுற லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கானா?"

நீ கேட்கவில்லை, அண்ணா. சாப்பாட்டைப் பற்றி எழுதினாய், மேலதிகாரியைப் பற்றி எழுதினாய். கிட்டாரைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரே உட்கார்ந்து தந்திகளை எனக்காக மாற்றிக் கட்டினார். பிறகு ஒரு நாள் நீ சொல்லாமல் வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தோம். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நீ வருகிறாய் என்று கடிதம் வந்தால், முதல் நாள் சாயங்காலம் என்னிடமிருந்து கிட்டாரை வாங்கிக்கொள்வார். ஆறு தந்தியையும் அவிழ்த்து, உன் பக்கமாகத் திருப்பிக் கட்டி, சுருதி சேர்த்து, உன் அறையில் கட்டிலுக்கு எதிரே மாட்டுவார். நீ ஊருக்குத் திரும்பிப் போனதும் மறுபடி அவிழ்த்து எனக்காகக் கட்டுவார். ஒவ்வொரு விடுமுறைக்கும். மாற்றி மாற்றிக் கட்டித்தான் அந்தப் பள்ளங்கள் இரண்டும் அகலமாயின. ஆடாமல் இருக்க டிக்கெட் செருகினதும் அவர்தான்.

நீ இருக்கிற நாளெல்லாம் அவர் வேலை முடிந்து வந்ததும் என்னைத்தான் முதலில் கேட்பார். "தொட்டானா?"

"இல்லப்பா."

"சரி."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேணாம். நாம சொல்லி அவன் எடுத்தா அது எடுத்த மாதிரியே இல்ல."

நீ சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பாய். ஒரு தடவை எழுந்து பக்கத்தில் போயிருந்தால் போதும். எந்தத் தந்தி எந்தப் பக்கம் என்று உனக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் வைத்து உனக்குத் தர மாட்டேன் என்றதற்கும் அதுதான் காரணம். நீ அதைக் கொண்டுபோய் இன்னொரு சுவரில் மாட்டி, அதற்கும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாய் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. உனக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் வைத்துக்கொண்டால் வாசிக்க வேண்டும். மாட்டி வைக்கத்தான் போகிறாய் என்றால், கழுத்து வேறு உடல் வேறாகவே இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பிவிடு.

எனக்கு அனுப்புவதானால் சாய்வை ஒன்றும் செய்யாதே. கழுத்தை மட்டும் பார். இழுத்து வாசிக்க இன்னும் கொஞ்ச நாளைக்கு விரலில் பலம் இருக்கும் என்று நினைக்கிறேன். சுண்டுவிரல் மட்டும்தான் இப்போது பேச்சைக் கேட்பதில்லை. அந்தச் சாய்வு உன்னுடையது. அது அப்படியே இருக்கட்டும்.

நீ அந்த மண்டபத்துக்கு வந்தது எனக்குத் தெரியும். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். நீ போன பிறகு சுமாராகத்தான் வாசித்தேன்.

தங்கை


ஜூலை 20

அண்ணா,

பதில் இல்லை. அண்ணியைக் கேட்டால், "வாயில ஆணி கடிச்சிட்டிருக்கிற தச்சன் மாதிரி இருக்கார், நான் பேச்சே கொடுக்கல" என்கிறாள். கிட்டாரைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறாயாம். அந்த அறையைச் சாத்தி வைத்திருக்கிறாயாம்.

நான் எழுதியது தப்பென்றால் தப்பு என்று எழுது. வழக்கமாக எழுதுவாயே.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. தலைமையாசிரியைக்கு நான் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வருமா, வராதா? ஒரே ஒரு சொல் போதும்.

தங்கை


ஜூலை 25

தங்கைக்கு,

வேலை முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

நீ சொன்னதை முதலில் சரிபார்த்தேன். அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அப்படித்தான் செய்வேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஓரத்துப் பள்ளங்களிலும் தடித்த தந்தி அறுத்த கோடுகள் இருக்கின்றன. ஒரு தரம் மாற்றிக் கட்டியதால் எலும்பு அவ்வளவு தேயாது. பல தரம் கட்டி, சுருதி சேர்த்திருக்க வேண்டும். மாட்டி வைக்க மட்டும் என்றால் சுருதி சேர்க்கத் தேவையில்லை. உன் கூற்று சரி.

அவர் என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. நீயும் சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு மூன்றாமவனை வைத்துப் பரீட்சை நடத்தியிருக்கிறீர்கள். பரீட்சை நடக்கிறது என்று எழுதுகிறவனுக்குச் சொல்வதுதான் முறை.

கழுத்தின் அடியில், உடலோடு உரசும் இரண்டு கன்னங்களிலும் கீழே கூடுதலாகவும் மேலே போகப் போக ஒன்றுமில்லாமலும் உளியால் சீவினேன். பிறகு இடுக்கில் உப்புத்தாள் பட்டையை வைத்து, கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டையை வெளியே இழுத்து இழுத்துப் படிய வைத்தேன். சீவியதால் நாக்கு பள்ளத்தில் தளர்ந்துவிட்டது. அதன் இரு பக்கமும் மெல்லிய மரச் செதில்கள் ஒட்டி, மறுபடி இழைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். பலமுறை. கடைசியில் அடிக்கோல் பிரிட்ஜின் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பிடுங்கிய ஃபிரெட் கம்பியைத் திரும்ப அடித்தாயிற்று. துளை அதன் அடியில் மறைந்துவிட்டது.

இதற்கெல்லாம் இத்தனை நாள் ஆகாது. மீதி நாட்கள் பிரிட்ஜுக்குப் போயின.

எலும்புத் துண்டு இல்லாமல் அந்தப் பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு வழிதான். அப்படியே விட்டு, என் பக்கம் சாய்ந்த துண்டைப் புதிதாகச் செய்து போடலாம். அல்லது பள்ளத்தை மரத்தால் அடைத்துவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் புதிதாக வெட்டலாம். இரண்டையும் செய்ய முடியாது. ஒரு பிரிட்ஜில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு வெட்டினால் அது தாங்காது. ஒன்றை அடைத்தால் அடைத்ததுதான்.

சாய்வை ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். அதே பத்தியில் சுண்டுவிரல் பேச்சைக் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் சேர்ந்து நிற்காது. இழுக்க முடியாத விரலுக்கு, இழுத்தால்தான் சுருதி சேரும் கிட்டாரைக் கொடுப்பது தவறான வடிவமைப்பு.

அறைக் கதவை உன் அண்ணி தட்டியது அப்போதுதான்.

"உளியைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா அதையே முறைச்சுப் பாப்பீங்க?"

"இந்தப் பள்ளத்தை அடைச்சுட்டா இதை நான் வாசிக்க முடியாது."

"இப்ப வாசிக்கிறீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

அவள் காத்துக்கொண்டு நிற்கவில்லை, அடுப்பில் ஏதோ இருந்தது.

அடைத்துவிட்டேன். அதே நிறத்தில் ஒரு துண்டு கருமரம் கிடைத்தது. ஒட்டுத் தெரியவில்லை. உன் பக்கம் சாய்த்துப் புதுப் பள்ளம் வெட்டி, புது எலும்பு போட்டேன். தலைப்பக்கத்துத் துண்டையும் புதிதாகச் செய்தேன், ஒரு ஓரம் அகலம், மறு ஓரம் மெலிது. அப்பா தேய்த்த பழைய துண்டும் அந்தப் பஸ் டிக்கெட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கும். அவற்றைக் கேட்காதே.

பரிசோதிக்க வேண்டியிருந்ததால், முதல் தடவையாக அதை உன் மாதிரி பிடித்தேன். வலது கையால் மீட்டி, இடது கையால் அமுக்கினேன். மிக மோசமாக இருந்தது. ஆனால் சுருதி மேலிருந்து கீழ்வரை நின்றது. எங்கும் இழுக்கத் தேவையில்லை. இழுக்காமல் இருக்க உன் விரலுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். பின்வரிசைப் பையன்கள் அதுவரை சிரித்துக்கொள்ளட்டும். தந்தி இப்போது தாழ்ந்து நிற்கிறது. காலையில் கை மடங்காத நாளிலும் அமுக்க முடியும் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் எழுது, எலும்பில் இன்னும் கொஞ்சம் தேய்க்க இடம் விட்டிருக்கிறேன்.

நகப்பூச்சுப் புள்ளிகளைச் சுரண்டவில்லை. இரண்டு மங்கியிருந்தன. உன் அண்ணியிடம் அந்த நிறம் இருந்தது.

முன்பலகையின் உள்பக்கம் அடித்திருக்கும் சட்டங்கள் மட்டும் இன்னும் இடதுகைக்காரனுக்குரிய அமைப்பில்தான் இருக்கின்றன. பெட்டியை உடைக்காமல் அவற்றை மாற்ற முடியாது. வெளியே தெரியாது.

உன் கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகலாம். நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல். தலைமையாசிரியையிடம் நூலகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்.

இதைக் கிட்டார் உறைக்குள் வைத்து அனுப்பலாம் என்றாள் உன் அண்ணி. வேண்டாம், தபாலிலேயே போடுகிறேன். கிட்டாருக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

முடிக்க வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் முதல் இரண்டு கடிதங்களிலும் 'உரிமையாளர்' என்று போட்ட கையெழுத்து இனிச் செல்லாது. பள்ளத்தை அடைத்தபோதே அதுவும் போயிற்று. அதற்குப் பதிலாக, 'தங்கை' என்று போட்ட நீ எதிர்பார்க்கும் சொல் எது என்று எனக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், இன்னும் கை பழகவில்லை. ஆகவே கீழே ஒன்றும் எழுதாமலேயே ஒட்டித் தபாலில் போடப் போகிறேன். என் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று உனக்குத் தெரியும்.